இளஞ்சூட்டுப் பக்குவம்: லவ் கேக், மக்ரூன், சொதி

மன்னார் வளைகுடாவின் இக்கரையில் தூத்துக்குடியும் அக்கரையில் கொழும்பும் நெடுங்காலமாகத் தொடர்பு கொண்ட துறைமுகங்கள். முத்தாலும் சங்காலும், பின்னர் துணியாலும் அரிசியாலும் பிணைக்கப்பட்ட இவ்விரு பட்டினங்களுக்கும் இடையே, 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனி ஒன்றைத் தொடங்கி வெள்ளையரோடு போட்டியிடத் துணியும் அளவுக்கு அவ்வழியிலே ஜனங்களும் சரக்குகளும் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தன. சரக்கோடு சரக்காகச் சமையலும் போய் வந்தது என்பதற்கு இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் பதார்த்தங்களே சாட்சி. கொழும்பு வீடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் மணக்கும் லவ் கேக், தூத்துக்குடிக்கென்றே பெயர் பெற்றுவிட்ட முந்திரி மக்ரூன், திருநெல்வேலிச் சைவ வீடுகளில் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கும் சொதி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்ல எனக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, லவ் கேக்குக்கு மஞ்சள்கரு அதிகமாக வேண்டும், மக்ரூனுக்கோ வெள்ளைக்கரு மட்டுமே வேண்டும் என்பதால், ஒன்றில் மிஞ்சியது மற்றொன்றுக்கு முதலாகி, வீட்டில் ஒரு முட்டையும் வீணாவதில்லை. மற்றொன்று, அடுப்பின் வேகத்தைக் கண்டு அவசரப்படுகிறவருக்கு இம்மூன்றில் எதுவுமே வாய்ப்பதில்லை. சூட்டைத் தணித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் மூன்றுக்கும் பொதுவான பக்குவம்.

முதலிரண்டுக்கும் பிரதான வஸ்துவாகிய முந்திரிப்பருப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அம்மரம் பிரேசில் தேசத்துக்கு உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனைக் கடல் கடந்து கொண்டுவந்து நம் மேற்குக் கரையிலே ஊன்றினார்கள். அது பிற்பாடு பண்ருட்டிச் செம்மண் வரையில் பரவி, கொல்லாம்பருப்பு என்றும் அண்டிப்பருப்பு என்றும் தென்பாண்டி மக்கள் அழைக்கும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. ஐரோப்பாவில் மக்ரூன் என்பது பாதாம்பருப்பில் செய்யப்படுவது. தூத்துக்குடியில் பாதாமின் இடத்தை முந்திரி எடுத்துக்கொண்டது. கொழும்பின் லவ் கேக்கிலும் அப்படியே. இவ்விரண்டும் போர்த்துக்கீசியர் காலத்துச் சாயல் கொண்டவை என்பது பொதுவான அபிப்பிராயம். 1656இல் கொழும்பையும் 1658இல் தூத்துக்குடியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றிய பிறகும் அவர்கள் விட்டுச்சென்ற இனிப்புகள் இரு கரையிலும் நிலைத்துவிட்டன. ஆட்சிகள் மாறினாலும் அடுக்களைகள் எளிதில் மாறுவதில்லை.

வாங்கும்போது முழுப்பருப்புக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுவதில்லை. உடைந்த பருப்பே போதும். ஆனால் அது புதியதாகவும் சிக்கு வாடை இல்லாததாகவும் இருப்பது அவசியம். பருப்பொன்றை வாயிலிட்டு மென்று பார்த்து, கடைசியில் நாக்கில் கசப்போ காறலோ தட்டினால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதனை விட்டுவிடுங்கள். சீனியும் ஏலமும் அந்தக் காறலை மறைக்கா.

அடுப்பைப் பற்றி

மின்சார அவன் உள்ளவர்கள் மாவைக் கலக்கத் தொடங்கும்போதே அதனை மூட்டிவிட வேண்டும். உள்ளே வைக்கும் நேரத்தில் சூடு ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. ஏறி நிலைத்திருக்க வேண்டும். அவன் இல்லாதவர்கள் மனந்தளர வேண்டாம். அடி கனத்த பெரிய பாத்திரம் ஒன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணலோ கல்லுப்போ பரப்பி, நடுவே ஒரு முக்காலியை வைத்து, இறுக்கமான மூடியிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் சிறு தீயில் காயவிட்டால் அதுவே நல்ல அவன் ஆகிவிடுகிறது. நம் வீடுகளில் முன்பெல்லாம் மூடியின்மேல் தணல் பரப்பிக் கேக் சுட்டது இவ்விதந்தான். பிரஷர் குக்கரையும் இப்படி உபயோகிக்கலாம். ஆனால் அதன் ரப்பர் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டே உபயோகிக்க வேண்டும், உள்ளே தண்ணீர் விடவும் கூடாது. லவ் கேக் இம்முறைக்கு இணங்கி வரும். மக்ரூன் இணங்காது, அடிச்சூடு மிகுந்து, மேலே ஈரமாகவும் கீழே சிவந்தும் போய்விடும்.

லவ் கேக்

ஆறு முட்டைகளை எடுத்துக்கொண்டு, குளிர்ந்த நிலையிலேயே உடைத்து, ஆறு மஞ்சள்கருவையும் ஒரு பாத்திரத்திலும், இரண்டு வெள்ளைக்கருவை இன்னொன்றிலும், மிஞ்சிய நான்கு வெள்ளைக்கருவை மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்திலுமாகப் பிரித்து வைக்க வேண்டும். கடைசியிற் சொன்னது மக்ரூனுக்கு. ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பெரிய பாத்திரத்தில் சேர்ப்பதே ஜாக்கிரதையான வழக்கம். ஒரு முட்டையின் மஞ்சள் உடைந்து கலந்தால் அந்த ஒரு முட்டையோடு நஷ்டம் நின்றுவிடும்.

இனி மற்றச் சாமான்கள்: ரவை 125 கிராம், வெண்ணெய் 125 கிராம், சீனி 250 கிராம், முந்திரிப்பருப்பு 150 கிராம், பன்னீரும் தேனும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, பட்டைப்பொடியும் துருவிய சாதிக்காயும் கால் கால் தேக்கரண்டி, ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல்தோல். தோலைத் துருவும்போது மஞ்சள் நிறம் போய் வெண்மை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அந்த வெண்பகுதியில்தான் கசப்பு இருக்கிறது. பன்னீர் என்றது சமையலுக்கென்று விற்கும் ரோஜாப் பன்னீரை; கலியாண வீடுகளில் தெளிப்பதற்கு விற்பதை உணவில் சேர்க்கலாகாது. இலங்கையில் நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் ஊறவைத்து உலர்த்திய துண்டுகளையும் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். கிடைத்தால் 50 கிராம் சேருங்கள். நம் கடைகளில் பேட்டா என்று விற்கும் பூசணி மிட்டாய் அதற்கு ஏறக்குறைய நிகரானது.

ரவையை வெறும் வாணலியில், நிறம் மாறாமல் வாசனை மட்டும் எழும்பும்படி வறுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வெண்ணெயைச் சேர்த்துப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். இந்த அரைமணி நேரத்தைச் சிலர் வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் ரவை ஒவ்வொன்றும் வெண்ணெயை உள்வாங்கி மிருதுவாவது அப்போதுதான். அது தவறினால் கேக் நறநறவென்று இருக்கும். இதற்குள் மஞ்சள்கருவையும் சீனியையும் சேர்த்து, அக்கலவை வெளுத்துக் கெட்டிப்பட்டு, கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழும் வரையில் அடித்து முடித்துவிடலாம். முந்திரியைப் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் உடைத்துக்கொள்வது நலம். பிறகு ரவை, முந்திரி, வாசனைப் பொருள்கள், பன்னீர், தேன் எல்லாவற்றையும் மஞ்சள்கருக் கலவையில் சேர்த்து, கடைசியாக அந்த இரண்டு வெள்ளைக்கருவையும் நுரைக்க அடித்து, நுரை அமுங்காதபடி மெள்ளப் புரட்டிக் கலக்க வேண்டும்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றின் அடியிலும் ஓரங்களிலும் இரண்டு மூன்று மடிப்புக் காகிதமிட்டு, மேல்மடிப்பில் வெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். சீனி மிகுந்த கலவையாதலால் அடி சீக்கிரம் கருகும். மடித்த காகிதம் அதைத் தடுக்கிறது. 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேக வேண்டும். முக்கால் மணியிலேயே மேற்புறம் ஆழ்ந்த பழுப்பாகிவிட்டால் ஒரு காகிதத்தால் மூடிவிட்டு வேகவிடுங்கள். மற்றக் கேக்குகளுக்குச் செய்வது போல ஒரு குச்சியைக் குத்தி, அது ஒட்டாமல் வருகிறதா என்று இங்கே சோதிக்கக் கூடாது. லவ் கேக்கின் உள்பகுதி அல்வாவைப் போல ஈரமாகவும் மிருதுவாகவும் இருப்பதே அதன் லக்ஷணம். குச்சி சுத்தமாக வரும் வரை வைத்திருந்தால் வெறும் ரவைக் கேக்தான் மிஞ்சும். மேலே மெல்லிய ஓடு கட்டி, நடுவில் விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கி எழுந்தால் அதுவே போதுமான அடையாளம். தட்டிலேயே ஆறவிட்டு, மறுநாள் சிறு சிறு சதுரங்களாக வெட்டுங்கள். அன்றைக்கே வெட்டினால் உதிரும். அதோடு, ஏலமும் பன்னீரும் சாதிக்காயும் ஒன்றோடொன்று கலந்து பரிமளம் ஏறுவதற்கு ஓர் இரவு வேண்டும்.

மக்ரூன்

நான்கு வெள்ளைக்கரு, அதாவது சுமார் 120 கிராம். பொடித்த சீனி 200 கிராம். முந்திரிப்பருப்பு 200 கிராம். இவ்வளவுதான் சாமான்கள். மைதாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை, சோடாவும் இல்லை. சாமான் குறைந்த பதார்த்தத்தில் பிழையை மறைக்க இடமில்லை. அதனால் இதன் முறைகளைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

வெள்ளைக்கருவுக்குப் பரம விரோதி கொழுப்பு. மஞ்சள்கருவின் ஒரு துளியோ, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கோ கலந்தால் எவ்வளவு அடித்தாலும் நுரை எழும்பி நிற்காது. ஆகையால் பிசுக்கை விடாத பிளாஸ்டிக் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியோ எவர்சில்வரோ எடுத்து, எலுமிச்சம்பழத் துண்டால் துடைத்து உலர்த்தி உபயோகிப்பது சிறந்தது. பிரிப்பதற்குக் குளிர்ந்த முட்டை நல்லது என்று முன்பு சொன்னேன். அடிப்பதற்கோ குளிர் நீங்கிய வெள்ளைக்கருதான் நல்லது. ஆதலால் ஒரு மணி நேரம் முன்பே அதனை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு நாலைந்து துளி சேர்த்தால் நுரை ஸ்திரமாக நிற்கும்.

அடுத்தது முந்திரி. அதனை வெயிலிலோ இளஞ்சூடான அவனிலோ சிறிது நேரம் வைத்து ஈரத்தைப் போக்கி, முற்றிலும் ஆறிய பிறகே மிக்ஸியில் இட வேண்டும். விட்டுவிட்டுச் சுற்றுவதே முறை. தொடர்ந்து ஓட்டினால் பருப்பு சூடேறி எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும், அந்த எண்ணெய் நுரையை விழுங்கிவிடும். பொடித்ததை ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நின்ற குருணையை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். கையில் எடுத்தால் மாவு உதிரியாக விழ வேண்டும். உருண்டை பிடிக்க வந்தால் அது மக்ரூனுக்கு உதவாது. அதைப் பாயசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கருவை முதலில் மெதுவாக அடித்து, சோப்பு நுரை போன்ற பெரிய குமிழிகள் மறைந்து வெண்மை கூடத் தொடங்கியதும், சீனியைக் கரண்டி கரண்டியாக, ஒரு கரண்டிச் சீனி கரைந்த பிறகே அடுத்த கரண்டி என்ற நிதானத்தோடு சேர்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். மொத்தச் சீனியையும் ஒருமிக்கக் கொட்டினால் அதன் பாரத்தால் நுரை படுத்துவிடும். சீனி முழுவதும் சேர்ந்த பின் நுரை பளபளப்பேறிக் கெட்டியாகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் அசையாமல் நிற்கும். விரல்களுக்கிடையே சிறிது எடுத்துத் தேய்த்துப் பார்த்து, சீனி மணல் தட்டுப்படாவிட்டால் பதம் வந்துவிட்டது. இனி மிக்ஸியும் பீட்டரும் வேண்டாம். முந்திரி மாவை மூன்று பங்காக்கி, அகன்ற மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். மாவு மறைந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். கடைகளில் அழகிய கூம்புகளாக இருப்பவற்றைக் கண்டிருப்பீர்கள். தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி நுனியை விரல் பருமனுக்கு வெட்டி, அதில் கலவையை நிரப்பிப் பிழிந்து, மேலே இழுத்து விட்டால் அந்த உருவம் தானே வரும். தட்டில் வெண்ணெய்க் காகிதம் இட்டு, ஒன்றுக்கொன்று ஓர் அங்குலம் இடைவெளி விட்டுப் பிழியுங்கள்.

இப்பொழுது வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். மக்ரூனை வேகவைக்கிறோம் என்பதைவிட உலர்த்துகிறோம் என்பதே பொருத்தம். பழைய விறகடுப்புகளில் ரொட்டியெல்லாம் சுட்டு இறக்கிய பிறகு, தணிந்துவரும் சூட்டிலே இதை வைத்து எடுப்பது வழக்கம். வீட்டில் 110 முதல் 120 டிகிரிக்குள் வைத்து, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவனை அணைத்துவிட்டு, கதவைத் திறவாமல் இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டுவிடுங்கள். வெளியே எடுக்கும்போது மக்ரூன் வெண்மையாகவே இருக்க வேண்டும், தந்தத்தின் நிறத்துக்கு மேல் சிவக்கலாகாது. காகிதத்திலிருந்து ஒட்டாமல் தானே பெயர்ந்து வர வேண்டும். நல்ல மக்ரூன் கையில் எடுத்தால் கனமே தெரியாது. பல் பட்டதும் மேலோடு மெல்லிய ஓசையோடு நொறுங்கி, உட்புறம் நாவில் கரைந்து, கடைசியில் முந்திரியின் ருசி மட்டும் சிறிது நேரம் தங்கும். அடியில் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் அரைமணி நேரம் உலர்த்தினால் சரியாகிவிடும்.

காற்றிலுள்ள ஈரத்தைச் சீனி இழுத்துக்கொள்ளும். ஆகவே ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு மூடிவிட வேண்டும். அடைமழை நாளில் மக்ரூன் போடவே வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முட்டை சேர்க்காதவர்கள் இவ்விரண்டுக்கும் பதிலாக நெய் பிஸ்கட் செய்துகொள்ளலாம். மைதா 125 கிராம், உறைந்த நெய் 80 கிராம், பொடித்த சீனி 60 கிராம், ஏலப்பொடி ஒரு சிட்டிகை; நெய்யையும் சீனியையும் கையால் வெண்மையாகத் தேய்த்து, மாவைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் உருட்டித் தட்டி, 160 டிகிரியில் கால்மணி நேரம் வைத்தால் முடிந்தது. சுடும்போது மெத்தென்றிருக்கும், ஆறினால்தான் இறுகும்.

சொதி

ஈழத்தில் சொதி என்பது இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் மெல்லிய தேங்காய்ப்பாற் குழம்பு. மஞ்சளும் வெந்தயமும் சேர்ந்து நிறத்தோடு இருக்கும். அது திருநெல்வேலிக்கு வந்து, பாசிப்பருப்பும் காய்கறியும் சேரப்பெற்று, சோற்றுக்குரிய பிரதானக் குழம்பாகவே உயர்ந்துவிட்டது. கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்யும் விருந்தில் இது இல்லாவிட்டால் விருந்து நிறைவு பெறாது என்று கருதுகிற குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. சாம்பாரைப் போலக் காரமோ புளிப்போ முன்னே நிற்காமல், தேங்காயின் இயற்கையான இனிப்பும் இஞ்சி, பச்சைமிளகாயின் மிதமான உறைப்பும் ஒன்றிப்போயிருப்பதே இதன் சிறப்பு. சைவ உணவில் இதற்கு இணையான விருந்துக் குழம்பு எனக்குத் தெரிந்து வேறொன்றில்லை.

ஐந்தாறு பேருக்கு நன்கு முற்றிய தேங்காய் இரண்டு வேண்டும். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் சேரக் கூடாது, சேர்ந்தால் பால் நிறம் மங்கும். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக விட்டு அரைத்துப் பிழிந்த முதற்பாலைத் தனியே வைத்துக்கொண்டு, மறுபடி தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எடுக்க வேண்டும். முதற்பால் ஒன்றரைத் தம்ளரும் மற்றவை இரண்டிரண்டு தம்ளரும் இருந்தால் போதும். பாசிப்பருப்பு 100 கிராமை வாசனை வர வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், பச்சைப்பட்டாணி எல்லாம் சேர்ந்து 400 கிராம்; முருங்கைக்காய் ஒன்று; சின்ன வெங்காயமும் பூண்டும் பதினைந்து பதினைந்து; இரண்டு அங்குல இஞ்சியையும் ஏழெட்டுப் பச்சைமிளகாயையும் சேர்த்து அரைத்த விழுது. கத்தரிக்காய் சேர்க்க வேண்டாம், குழம்பு கறுக்கும்.

கனமான பாத்திரத்தில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ விட்டு, வெங்காயத்தையும் பூண்டையும் சிவக்காமல் வதக்கி, இஞ்சி மிளகாய் விழுதின் பச்சை வாடை போனதும் காய்களையும் மூன்றாம் பாலையும் உப்பையும் சேர்த்து வேகவிட வேண்டும். காய் வெந்ததும் பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து சிறு தீயில் ஒரு கொதி வரலாம். இதற்குமேல் ஒவ்வொரு நிமிஷமும் அடுப்பருகிலேயே நிற்க வேண்டும். நெல்லைப் பக்கத்துக் கலியாண வீடுகளில் சமைக்கும் தவசிப்பிள்ளைகள், “முதப்பால ஊத்துனப்புறம் கொதிக்க விட்ராதீய தாயி, ஓரத்துல நுரை கூடுனதும் அடுப்ப அமத்திரணும்” என்று சொல்வார்கள். தேங்காய்ப் பாலில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்பது அதிலுள்ள புரதத்தின் உதவியால்தான். கொதிநிலைச் சூட்டில் அப்புரதம் திரண்டுவிட, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், குழம்பு திரிதிரியாகிவிடும். அதனால் முதற்பாலை ஊற்றி, விடாமல் கிளறி, பாத்திரத்தின் ஓரத்தில் சிறு நுரை வளையம் கட்டியதுமே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறும் இறக்கிச் சிறிது ஆறிய பின்னரே சேர வேண்டும். சூட்டோடு சேர்ந்தால் புளிப்பும் அதே கேட்டைச் செய்யும். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித்தழை தூவினால் சொதி தயார்.

இதற்குத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் வைப்பது மரபு. தேங்காய்ப்பாலின் கனம் வயிற்றில் தங்காமலிருக்கவே இஞ்சியைக் கூட வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். புளி, வெல்லம், வற்றல்மிளகாய் சேர்த்து வதக்கிய அந்தப் பச்சடியின் சுருக்கென்ற உறைப்பு இல்லாமல் சொதியின் மென்மை முழுதும் விளங்காது என்பது என் அனுபவம்.

விருந்து நாளில் இம்மூன்றையும் செய்ய நினைப்பவர்கள் முந்தின நாள் காலையில் கேக்கையும் மாலையில் மக்ரூனையும் முடித்து வைத்துவிட்டு, விருந்தன்று காலையில் சொதிக்கு மட்டும் அடுப்பேற்றுவது சௌகரியம். கேக் ஒரு வாரமும் மக்ரூன் அதற்கு மேலும் கெடாமல் இருக்கும். சொதி மட்டும் அன்றைய மதியத்துக்கே உரியது; மறுபடி சூடு காட்டினால் திரிந்துவிடும். ஆகவே பந்தியைக் கணக்கிட்டு, மிஞ்சாத அளவுக்கே வையுங்கள்.